குறுந்தூரப் பயணமும் மோட்டார்ப் பற்றரியின் ஆயுளும்



மலைநாட்டிலே மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே ஒரு பழக்கம் உண்டு. மாலையில் வீடு திரும்பியதும் வண்டியைச் சமதரையில் நிறுத்தமாட்டார்கள். முகப்பு இறக்கத்தை நோக்கியிருக்குமாறு பாதையோரத்தில் நிறுத்திச் சில்லுக்கு ஒரு கல்லையும் அணைகொடுத்துவிட்டுச் செல்வார்கள். மறுநாட் காலையில் வண்டி கிளம்ப மறுத்தால் கவலையில்லை. கல்லை எடுத்து, வண்டியை உருளவிட்டு, இரண்டாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் எஞ்சின் உயிர் பெற்றுவிடும். மலை தந்த வசதி இது. ஆனால் இந்த வசதிக்குள்ளே ஒரு மோசமும் மறைந்திருக்கின்றது. அதனை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானுஓயாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். என் நண்பர் ஒருவர் அங்கே பாடசாலை ஆசிரியர். பழைய சிறு கார் ஒன்று வைத்திருந்தார். வீட்டிலிருந்து பாடசாலைக்கு 3 கிலோமீற்றர் தூரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அவ்வளவுதான் அந்தக் காரின் ஓட்டம். விடுமுறை நாட்களில் அது கொட்டிலைவிட்டு அசைவதே இல்லை. அவரும் ஊர் வழக்கப்படி காரை இறக்கத்திலேதான் நிறுத்துவார்.

கொழும்பிலே கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அவருடைய தாயார் இரவு அஞ்சல் வண்டியில் திரும்பி வந்தார். தை மாதத்துக் குளிர். விடிவதற்கு நெடுநேரம் இருந்தது. நண்பர் காரை உருளவிட்டுக் கிளப்பி, புகையிரத நிலையத்தை அடைந்து எஞ்சினை நிறுத்தினார். புகையிரதம் தாமதம். உள்விளக்கையும் வானொலியையும் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார். தாயார் வந்து இறங்கினார், கண்ணிலே கட்டு. அவரைக் காரில் அமர்த்தித் திறவுகோலைத் திருப்பினார். 'டக்' என்று ஓர் ஓசை; அதன் பின் நிசப்தம். நிலையத்து முற்றமோ சமதரை. தள்ளுவதற்கும் ஆளில்லை. கட்டுப்போட்ட கண்ணோடு அந்த மூதாட்டி கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கியபடி, ஒரு முச்சக்கர வண்டி கிடைக்கும் வரையிலே காத்திருக்க நேர்ந்தது.

நண்பருக்குக் கோபம். பற்றரி வாங்கி 14 மாதமே ஆகியிருந்தது. உத்தரவாதமோ 18 மாதம். அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றார். கடைக்காரர் பற்றரியை வாங்கி, ஓரிரவு முழுவதும் மின்னேற்றிச் சோதித்து, "பற்றரி நல்லது, ஐயா, அதில் சார்ஜ்தான் இல்லை" என்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சில மாதங்களில் மீண்டும் அதே கதை. அப்பொழுது உத்தரவாதக் காலமும் கடந்துவிட்டது. புதிய பற்றரிக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நண்பர் ஏமாற்றப்பட்டாரா? பற்றரி குறையுடையதா? கடைக்காரர் கூறியது மெய்யா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் பற்றரியின் உள்ளே நடப்பது யாது என்பதைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

1859 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டறிஞர் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளையும் கந்தகாமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை முதன்முதல் அமைத்தார். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் எஞ்சினைக் கைப்பிடியாற் சுழற்றியே கிளப்பினார்கள். கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். 1912 ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிலே சார்ல்ஸ் கெட்டரிங் என்பாரின் மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. அதன் பின்னரே பற்றரி மோட்டார் வண்டிக்கு இன்றியமையாத உறுப்பாயிற்று. இன்று நம் கார்களில் உள்ளதும் அடிப்படையில் பிளாண்டே கண்ட அதே ஈய அமிலக் கலந்தான்.

12 வோல்ட் பற்றரி என்பது ஒரே கலமன்று. ஏறக்குறைய 2 வோல்ட் தரும் 6 கலங்களின் கோவை. ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடும், ஈயவொட்சைட்டுப் பூச்சுள்ள தகடும் அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது அமிலத்திலுள்ள கந்தகப் பகுதி தகடுகளிற் சேர்ந்து ஈயச் சல்பேற்றாக மாறுகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்போது சல்பேற்று கரைந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன. ஆக, பற்றரி என்பது மின்சாரத்தை ஊற்றி வைக்கும் குடமன்று. முன்னும் பின்னும் நடைபெறும் ஓர் இரசாயன மாற்றத்தின் இருப்பிடம்.

இங்கேதான் முக்கியமான செய்தி உளது. புதிதாக உண்டான சல்பேற்று மென்மையானது, எளிதிற் கரையும். நாட்கணக்காக, வாரக்கணக்காக அதனை அப்படியே விட்டுவிட்டால் அது கெட்டியான பளிங்குகளாக இறுகிவிடும். இறுகிய சல்பேற்றை எந்த மின்னேற்றமும் முற்றாகக் கரைக்காது. தகட்டின் அந்தப் பகுதி இனிப் பயன்படாது. இவ்வாறு சிறிது சிறிதாகத் தகடு செத்துக்கொண்டு வரும். பற்றரி முழு வயிறு இல்லாமல் அரை வயிற்றோடு கழிக்கும் ஒவ்வொரு வாரமும் அதன் ஆயுளை அரிக்கின்றது. என் நண்பரின் பற்றரி முதுமையால் இறக்கவில்லை, பட்டினியால் இறந்தது.

எஞ்சினைக் கிளப்புவதிலேயே பற்றரியின் சக்தியெல்லாம் செலவாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். சிறு கார் ஒன்றைக் கிளப்ப 150 அம்பியர் மின்னோட்டம் 3 விநாடி வேண்டுமென்று கொள்வோம். அது ஓர் அம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்குதான். 35 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரிக்கு அது ஒரு பொருட்டன்று. எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அதனோடு சுழலும் ஆல்டர்னேட்டர் சில நிமிடங்களில் அந்தக் கடனைத் தீர்த்துவிடும். அப்படியானால் பட்டினி எங்கிருந்து வருகிறது?

முதலாவது, வழியிலே ஏற்படும் செலவு. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு மாலை மழையிலும் மூடுபனியிலும் போகும் ஒரு காரை நினைத்துப் பாருங்கள். முகப்பு விளக்குகள் இரண்டும் 55 வாட் வீதம் எரிந்தால் அவற்றுக்கு மாத்திரம் 9 அம்பியர் வேண்டும். கண்ணாடி துடைப்பான், பின்கண்ணாடியின் பனியை நீக்கும் சூட்டுக் கம்பி, காற்றூதி, ஏனைய விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் 30 அம்பியரை எட்டிவிடும். சிறு காரின் ஆல்டர்னேட்டர் எஞ்சின் வேகமாகச் சுழல்கையில் 50 அல்லது 60 அம்பியர் தரலாம். லொறியின் பின்னே ஊர்ந்தும் நின்றும் செல்லும்போது அதிற் பாதியையும் தாராது போகலாம். வரவு செலவுக்கே சரியாய்விட்டால் பற்றரிக்கு எஞ்சுவது யாது?

இரண்டாவது, உறங்கும் வண்டியின் செலவு. இக்காலக் கார்களிலே மணிக்கூடு, திருடர் எச்சரிக்கை மணி, எஞ்சினை ஆளும் சிறு கணினி ஆகியவை இரவும் பகலும் சிறிது மின்சாரத்தை உண்கின்றன. அது 30 மில்லியம்பியர் என்று கொண்டாலும் 14 நாட்களில் 10 அம்பியர்-மணி போய்விடும். 35 அம்பியர்-மணிப் பற்றரியிலே அது கால் பங்குக்கும் மேல்.

மூன்றாவது, மின்னேற்றத்தின் இயல்பு. தாகமுள்ளவன் முதற் குவளை நீரை ஒரே மூச்சிற் குடிப்பான். கடைசிக் குவளையை மெல்ல மெல்லப் பருகுவான். பற்றரியும் அத்தகையதே. பாதி வெறுமையான பற்றரி தொடக்கத்தில் வேகமாக மின்னேற்றம் பெறும். கடைசி ஐந்திலொரு பங்கை ஏற்பதற்குப் பல மணி நேரம் எடுக்கும். குளிர்ந்த பற்றரி இன்னும் மெதுவாகவே ஏற்கும். ஆகவே 10 நிமிட ஓட்டம் ஒருபோதும் பற்றரியை நிரப்பாது. ஒவ்வொரு நாளும் சிறு பற்றாக்குறை. மாத முடிவிலே பெருங்கடன்.

எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி, இறக்கத்திலே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுவோரும் உளர். இது பற்றரிக்குக் கேடு என்பது ஒருபுறமிருக்க, உயிருக்கே ஆபத்து. எஞ்சின் நின்றால் தடுப்பு மிதிக்குக் கிடைக்கும் துணைவலு அற்றுவிடும், சுக்கானும் கனக்கும். மலைப் பாதையிலே எஞ்சினைத் தாழ்ந்த கியரில் ஓடவிட்டு இறங்குவதே முறை. அப்போது எஞ்சின் வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். ஆல்டர்னேட்டரும் நன்கு சுழன்று பற்றரிக்கு உணவூட்டும்.

"எங்கள் ஊர்க் குளிரிலே பற்றரி நிலைப்பதில்லை" என்று நம்மவர் சொல்வதுண்டு. இதைச் சற்று ஆராய்வோம். பற்றரியின் ஆயுளைக் குறைக்கும் பெரும் பகைவன் வெப்பமே. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது துறை வல்லுநரின் பொதுக் கணக்கு. கொழும்பின் சராசரி வெப்பம் 27 பாகை அளவில். நுவரெலியாவில் அது 16 பாகை அளவில். எனவே மலைநாட்டிலே பற்றரி சமவெளியைக் காட்டிலும் நீண்டகாலம் வாழ வேண்டும். ஆனால் குளிர் வேறொன்றைச் செய்கிறது. உறைபனி விழும் காலையிலே வெப்பம் பூச்சியத்தை நெருங்கினால், பற்றரி தன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கையே தரவல்லது. எஞ்சின் எண்ணெயும் தடித்து, சுழற்றுவதற்கு அதிக வலு கேட்கும். முழு வயிறுள்ள பற்றரி இதனைத் தாங்கும். பட்டினி கிடந்த பற்றரி தாங்காது. குளிர் பற்றரியைக் கொல்வதில்லை. ஏற்கெனவே நலிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது. சமவெளியிலும் மலையிலும் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு வரை உழைக்கவேண்டிய பொருள் ஒன்றரை ஆண்டிலே சாய்ந்தால், குளிரைக் குறைகூறாது அதற்கு ஊட்டிய உணவைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டினியை நாடு முழுவதும் கண்ட காலமும் உண்டு. 2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தபோது வண்டிகள் வாரக்கணக்காக அசையாது கிடந்தன. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டு முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்படும் வரையிலே, கார் வைத்திருந்தோர் பலர் கடைத் தெருவுக்கும் வீட்டுக்கும் மாத்திரமே வண்டியை எடுத்தார்கள். 2020 முதல் வாகன இறக்குமதியும் தடைப்பட்டிருந்து, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைக்காலத்திலே பழைய வண்டியையே பேண வேண்டியிருந்தது. ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததால் புதிய பற்றரியின் விலையும் ஏறியது. பற்றரியை நெடுநாள் வாழவைப்பது அன்றுமுதல் வீட்டு வரவு செலவோடு தொடர்புள்ள காரியமாயிற்று.

அதற்கு வழி என்ன? முதலில் நாடி பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சிறு வோல்ட்மானி ஒன்று வீட்டில் இருத்தல் நலம். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழிந்த பின், காலையிலே கிளப்புவதற்கு முன், பற்றரியின் இரு முனைகளிலும் அதனை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் வயிறு. 12.2 என்றால் அரை வயிறு. 12.0 என்றால் காற் பங்கே உளது. உடனே மின்னேற்ற வேண்டும். பின்பு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. அதற்குக் குறைந்தால் குறை ஆல்டர்னேட்டரிலோ, தளர்ந்த பட்டியிலோ, கம்பி இணைப்பிலோ இருக்கலாம். பற்றரியைப் பழிப்பதிற் பயனில்லை. முனைகளிலே வெண்பச்சைப் பூஞ்சணம் போலப் படிந்திருந்தால் வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, வாசலின் பூசிவிடுங்கள்.

இரண்டாவது, முறையாக உணவூட்ட வேண்டும். வாரம் ஒரு முறை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், தடையின்றி வண்டியை ஓட்டுவது நல்லது. ஹட்டனுக்கோ வெலிமடைக்கோ போகவேண்டிய வேலையிருந்தால் அதனைச் சின்னஞ்சிறு பயணங்களாகப் பிரிக்காது ஒரே பயணமாகச் செய்யலாம். ஆனால் பற்றரிக்காகவே எரிபொருளைச் செலவிடத் தேவையில்லை. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறு மின்னேற்றி ஒன்று அதைவிட மலிவானது. முற்றாக வெறுமையான 35 அம்பியர்-மணிப் பற்றரியை நிரப்பவும், விரயத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஓர் அலகு மின்சாரத்துக்கும் குறைவே செலவாகும். தானே அளவறிந்து நிறுத்தும் 4 அம்பியர் மின்னேற்றி போதும். மாதம் ஒரு முறை, மாலையிற் பூட்டிக் காலையிற் கழற்றினால் இறுகும் முன்னரே சல்பேற்று கரைந்துவிடும். மின்னேற்றி வாங்க இயலாதவர் ஊர்க் கராஜிலே கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மின்னேற்றும்போது பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியாகும். சிறு பொறி பட்டாலும் அது வெடிக்கும். குளிர் காய மூட்டிய அடுப்பின் அருகிலும், மூடிய படுக்கையறையிலும், லயக் காம்பராவிலும் மின்னேற்றலாகாது. காற்றோட்டமுள்ள கொட்டிலே அதற்கு ஏற்ற இடம். திறந்து நீர் ஊற்றும் வகைப் பற்றரியானால், தகடுகள் மூழ்கியிருக்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை ஊற்றுவதும் தவறு; ஏனெனில் ஆவியாய்ப் போவது நீரேயன்றி அமிலமன்று.

மின்சாரம் எட்டாத காலத்திலே, லயங்களில் கார்ப் பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்ததைப் பலர் நினைவு வைத்திருப்பீர்கள். ஒளியும் பாட்டும் தந்த அந்தப் பற்றரிகள் விரைவிலே பழுதானதையும் கண்டிருப்பீர்கள். கார்ப் பற்றரி சில விநாடி பெருவலு தருவதற்கென்று மெல்லிய தகடுகளால் ஆனது. அடிவரை வெறுமையாக்கி மீண்டும் நிரப்பும் வேலைக்கு அது உரியதன்று. நிறுத்திய காரிலே நெடுநேரம் விளக்கும் வானொலியும் போட்டிருப்பதும் அதே தவறுதான். வானொலியிலிருந்து பேசும் நானே இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இனி, புதிய பற்றரி வாங்க வேண்டிய நாள் வந்துவிட்டால் செய்யவேண்டியதைக் கூறுகிறேன். ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழல்வதும், ஸ்டார்ட்டர் சுழலும்போது பற்றரி 9½ வோல்ட்டுக்குக் கீழே விழுவதும், முழுதாக மின்னேற்றிய பின்னும் இரண்டொரு நாளில் வலுவிழப்பதும் அந்த நாள் வந்துவிட்டதற்கு அறிகுறிகள். வண்டிக் கையேட்டிலே குறித்த அளவையும் கொள்ளளவையும் உடையதையே வாங்குங்கள். சந்தியில் நிற்கும்போது தானே நின்று, மீண்டும் தானே கிளம்பும் எஞ்சினுள்ள ஜப்பானியக் கார்கள் இப்போது நம் பாதைகளில் நிறைய ஓடுகின்றன. அவற்றுக்கென்றே வலுவான தகடுகளுள்ள தனிவகைப் பற்றரி உண்டு. மலிவென்று சாதாரணப் பற்றரியைப் பூட்டினால் அது விரைவில் நலியும்; உத்தரவாதமும் மறுக்கப்படலாம். மேலும், கடைத் தட்டிலே கிடக்கும் பற்றரியும் தானாகவே வலுவிழக்கும். ஆகையால் அதன் மேல் பொறித்த உற்பத்தித் திகதியைக் கேட்டறிந்து, ஆறு மாதத்துக்கு உட்பட்டதை வாங்குவதே அறிவுடைமை.

உத்தரவாதம் 12 மாதம், 18 மாதம், 24 மாதம் எனப் பலவகைப்படும். அதன் நீளத்தை மட்டும் பார்க்காமல், அதன் உட்பொருளைக் கேளுங்கள். பெரும்பாலான உத்தரவாதங்கள் தயாரிப்பிலே உள்ள குறைக்கு மாத்திரமே பொறுப்பேற்கும். மின்னேற்றம் போதாமையால் வந்த நலிவு, அளவு மீறிய மின்னேற்றம், உடைவு, அமிலம் ஊற்றியமை ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கமாட்டா. சில உத்தரவாதங்களில் முதற் பகுதிக் காலத்திலே முழுமையாக மாற்றித் தருவார்கள். பிற்பகுதியில் எஞ்சிய மாதங்களுக்கு ஏற்ற விலைக்கழிவு மட்டுமே கிடைக்கும். மாற்றித் தந்த பற்றரிக்கும் பெரும்பாலும் பழைய உத்தரவாதத்தின் மிச்ச காலமே செல்லும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வான், வாடகை முச்சக்கர வண்டி முதலியவற்றுக்கு உத்தரவாதக் காலம் குறைவாக இருத்தல் கூடும். வாங்கும்போதே இவற்றைக் கேட்டு, அட்டையிலே திகதி, பற்றரி இலக்கம், வண்டி இலக்கம், கடை முத்திரை ஆகியவற்றைப் பதிந்துகொள்ளுங்கள். பற்றுச்சீட்டை அட்டையோடு இணைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியாயின், பட்டினியால் வந்த நலிவையும் தயாரிப்புக் குறையையும் வேறுபடுத்தி அறிவது எவ்வாறு? திறந்து பார்க்கத்தக்க பற்றரியிலே நீரடர்மானி என்னும் கருவி உண்மையைச் சொல்லும். முழு மின்னேற்றம் பெற்ற கலத்தில் அமிலத்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 1.26 மடங்கு இருக்கும். ஆறு கலங்களும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் பட்டினி. மின்னேற்றிய பின்னும் ஐந்து கலங்கள் நன்றாயிருக்க, ஒன்று மாத்திரம் 0.05 அளவுக்கு மேல் தாழ்ந்திருந்தால் அக்கலத்திலே குறை உண்டு. மூடிய பற்றரியானால், நன்கு மின்னேற்றிச் சில மணி நேரம் வைத்த பின்பும் 10½ வோல்ட் அளவிலேயே நின்றால் ஒரு கலம் செயலிழந்துவிட்டதென்று கொள்ளலாம். இத்தகைய குறையே உத்தரவாதம் கோருவதற்கு உறுதியான ஆதாரம். ஆகவே கடைக்குச் செல்லும்போது "வண்டி கிளம்பவில்லை" என்று மாத்திரம் முறையிடாதீர்கள். மின்னேற்றிச் சோதித்த முடிவை எழுத்திலே தரும்படி கேளுங்கள். ஆல்டர்னேட்டர் சரியாக இயங்குகிறது என்பதற்கும், மாதந்தோறும் நீங்கள் மின்னேற்றியதற்கும் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தால், "நீங்கள்தான் கவனிக்கவில்லை" என்ற பதிலுக்கு அதுவே மறுமொழி. உத்தரவாதக் காலம் முடியும் வரையிலே காத்திராமல், முதல் அறிகுறி தோன்றியபோதே செல்ல வேண்டும்.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் நாட்டிலே சட்டமும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, வெளிப்படையாகவோ குறிப்பாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாக விற்கப்பட்ட பொருள்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்க அதிகாரமுடையது. முறைப்பாட்டை எழுத்து மூலம், காலந் தாழ்த்தாது செய்ய வேண்டும். அங்கேயும் கேட்கப்படுவது அட்டையும் பற்றுச்சீட்டுமே.

பழைய பற்றரியை என் செய்வது? ஈயம் நஞ்சு, சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஈயத்தை எடுத்து விற்க எண்ணி வீட்டு முற்றத்திலே பற்றரியை உடைப்பதும், அமிலத்தைக் கானிலே ஊற்றுவதும் பிள்ளைகளுக்கும் ஆற்று நீருக்கும் இழைக்கும் தீங்கு. நானுஓயாவின் நீர் கீழுள்ள ஊர்களுக்கும் செல்கிறது என்பதை மறவாதீர்கள். பழையதைக் கடையிலே கொடுத்தால் புதியதன் விலையிற் கழித்துக்கொள்வார்கள். ஈயமும் உருக்கப்பட்டு மீண்டும் பயன்படும்.

நேயர்களே, என் நண்பரின் கதைக்கு மீண்டும் வருகிறேன். கடைக்காரர் சொன்னது பொய்யன்று. பற்றரியில் சார்ஜ்தான் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி ஒன்று உண்டு: ஒவ்வொரு தடவையும் 3 கிலோமீற்றர் மாத்திரமே ஓடும் வண்டியிலே சார்ஜ் ஒருநாளும் நிறையாது, நிறையாத பற்றரி நிலைக்காது. அதனை அன்றே கூறியிருந்தால் இரண்டாம் முறை பணம் கொடுக்க நேர்ந்திராது. நண்பர் இப்போது மாதம் ஒரு முறை, கொட்டிலிலே, மாலை முதல் காலை வரை பற்றரிக்கு மின்னேற்றுகிறார். அடுத்து வாங்கிய பற்றரி நான்காம் ஆண்டிலும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் அவர் மாற்றிக்கொண்டார். காரை இறக்கத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டார். காலையில் அது சமதரையிலிருந்தே கிளம்ப வேண்டும் என்பது இப்போது அவர் விதி. கிளம்ப மறுத்தால் அன்றே காரணம் தேடுகிறார். இறக்கம் எஞ்சினைக் கிளப்பித் தரும். ஆனால் பற்றரி நலிந்துவரும் செய்தியை நம்மிடமிருந்து மறைத்தும் வைக்கும். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் இரவிலோ, புகையிரத நிலையத்து முற்றத்திலோதான் அந்தச் செய்தி நமக்கு எட்டும். அங்கே இறக்கம் இராது. ஆதலால் இன்றிரவே உங்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்திவிட்டு, நாளைக் காலை அதன் நாடியைப் பாருங்கள்.